பகோடாவுல போன ஜீனோ

வா அப்பு, உக்காரு. தூணுல சாயாதே, சுண்ணாம்பு ஒட்டிக்கிரும். சட்டை வெலை கூடுனது மாதிரி தெரியுது.

சுஜாதா படிக்கப் போறியாம்ல? உங்க அம்மா சொன்னா. சந்தோசம். படிக்க வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குப்பா மெட்ராசுலேருந்து பஸ் ஏறி, விராலிமலையில எறங்கி, மறு பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து என்னையப் பாக்க வந்த?

"உங்ககிட்ட பழைய பைண்டு இருக்காமே அய்யா. அதோட, எந்த ஆர்டர்ல படிக்கணும்னும் கேக்கலாம்னு."

ஆர்டரா? போனைக் காட்டு பாப்போம். அடேயப்பா! கட்டம் கட்டமா போட்டு வச்சிருக்கியே. பச்சைக் கட்டம் புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு. மஞ்சக் கட்டம் கொஞ்சம் தேறுனவனுக்கு. செவப்புக் கட்டம் என்னாது, தேசிங்கு ராசாவுக்கா? இதைப் போட எத்தினி நாளாச்சு? பத்து நாளா? பத்து நாள்ல எத்தினி பொஸ்தகம் படிச்ச? ஒண்ணுகூட இல்லையா? நல்லாருக்குடா கதை. ஏரு பூட்டுறதுக்கு முன்னாடி கலப்பைக்குப் பொட்டு வச்சே பொழுது சாஞ்சவன் மாதிரியில்ல இருக்கு.

உனக்கு ஒரு கதை சொல்லணும். இந்த ஆவூரு லேசுப்பட்ட ஊரு இல்லை. அந்தா தெரியுதே பெரிய கோயிலு, 1747ல கட்டுனது. வீரமாமுனிவர் இங்க இருந்து ஊழியம் பாத்திருக்காரு. இத்தாலியிலேருந்து வந்து, நம்ம பாசையைக் கத்துக்கிட்டு, நம்ம பாசையிலயே நக்கல் அடிச்ச சாமியாரு. பரமார்த்த குரு கதை அவரு எழுதுனதுதான். குருவுக்கு அஞ்சு சீசனுங்க. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆத்தைக் கடந்து அக்கரைக்குப் போனதும் ஒருத்தன் ஆளை எண்ணுனான். தன்னைய விட்டுட்டு எண்ணுனான். ஒரு ஆளு கொறையுது. போச்சுடா, ஒருத்தனை ஆறு முழுங்கிருச்சுன்னு கரையில உக்காந்து ஒப்பாரி. வழியில போன ஒருத்தன் பாத்தான். தடியை எடுத்து ஆளுக்கு ஒரு வைப்பு வச்சு எண்ணிக் காட்டுனான். அப்பத்தான் கணக்கு சரியாச்சு.

உன் பட்டியல்லயும் பொஸ்தகம் அம்புட்டும் இருக்கு. படிக்கிற ஆளைத்தான் காணோம். தடியை எடுக்கவா?

சிரிக்காதே. சுஜாதா நூறு நாவலுக்கு மேல எழுதியிருக்காரு. சிறுகதை எரநூத்தம்பதுன்னு சொல்லுவாக. நாடகம், விஞ்ஞானக் கட்டுரை, கேள்வி பதில், சினிமா வசனம் எல்லாம் வேற. அதுக்கு மேல பகல்ல ஆபீசு வேலை. இதையெல்லாம் வரிசையா படிச்சு முடிக்க நீ ஒரு பொண்டாட்டி கட்டாம இருக்கணும். ரெண்டு வேலையை விடணும்.

பேரைக் கேட்டு பொம்பளைன்னு நெனைச்சவுக நெறைய. நான்கூட மொத மொத அப்படித்தான் நெனைச்சேன். சுஜாதாங்கிறது சம்சாரம் பேரு. அவரு பேரு ரங்கராஜன். 1935ல திருவல்லிக்கேணியில பொறந்து, ஸ்ரீரங்கத்துல பாட்டிகிட்ட வளந்தவரு. திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜுல படிச்சாரு. அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கூடப் படிச்சவரு அப்துல் கலாம். அதுக்கப்புறம் விமானத்துறையில வேலை. மேல பறக்குற ஏரோப்பிளேனுக்கு 'நீ இப்ப எறங்கு, நீ கொஞ்சம் பொறு'ன்னு சொல்ற வேலை. நம்ம மந்தையில மாட்டை ஒழுங்குபடுத்துறோம்ல, அது மாதிரி ஆகாசத்துல.

அமெரிக்காவுல அசிமோவுன்னு ஒருத்தரு. எந்திர மனுசன் கதையெல்லாம் எழுதி, கிட்டத்தட்ட ஐநூறு பொஸ்தகம் போட்டவரு. உன் பட்டியல்ல கடைசியில அவரு பேரும் இருக்கே, செவப்புக் கட்டத்துல. அந்த ஆளு நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஆளை அனுப்புனாரு. ஆனா ஏரோப்பிளேன் ஏறப் பயம். நம்மாளு ஏரோப்பிளேனை ஏத்தி எறக்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதை எழுதுனாரு. அதனால நம்மாளு ஒசத்தி, அவரு மட்டம்னு நான் சொல்ல வரலை. எனக்கு அவரை ரொம்பத் தெரியாது. ஆனா மிசினைத் தொட்டுப் பொழச்சவன் மிசினைப் பத்தி எழுதுனா, வரப்புல நடந்தவன் வயலைப் பத்திப் பேசுறாப்புல இருக்கும். ரொம்ப மெரள மாட்டான். அந்தச் சாமான் எப்ப மக்கர் பண்ணும்னு அவனுக்குத் தெரியும்.

பொறவு நம்மாளுக்குப் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸுல வேலை. ஓட்டுப் போடுற மிசினு இருக்கே, அதை உருவாக்குனதுல அவருக்குப் பெரிய பங்கு. 2001 சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாடு பூரா அந்தப் பொட்டி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல வரிசையில நின்னு நானும் பொத்தானை அமுக்குனேன். கீய்ங்னு கத்துச்சு. உங்க அப்பத்தா பயந்து கையை எடுத்துட்டு, 'நான் ஒண்ணும் பண்ணலை, அதுவாக் கத்துது'ன்னா. வெளிய வந்து நான் சொன்னேன்: 'அடியே, நம்ம ஜீனோ கதையை எழுதுனவரு செஞ்ச பொட்டிடி.' அவ நம்பலை. கதை எழுதுறவன் எங்கயாவது பொட்டி செய்வானான்னு கேட்டா.

சரி, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதானே கேட்ட? அந்தப் போனை உள்ள வையி, சொல்றேன்.

விஞ்ஞானம் விஞ்ஞானம்னு பறக்குறியே, மொதல்ல விஞ்ஞானமே இல்லாத ஒண்ணைப் படி. 'நகரம்'னு ஒரு சிறுகதை. ஏழெட்டுப் பக்கம். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். மூனாண்டிப்பட்டியிலேருந்து வள்ளியம்மாள்னு ஒரு பொம்பளை. சொரத்துல கெடக்குற மக பாப்பாத்தியைத் தூக்கிக்கிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வர்றா. அம்புட்டுத்தான் கதை. அங்க பெரிய டாக்டரு இருக்காரு. பிள்ளையைப் பாத்ததும் என்ன நோவுன்னு அவருக்குத் தெரிஞ்சு போகுது. வாயில நுழையாத இங்கிலீசுப் பேரு. உடனே சேருங்கன்னு சொல்லிட்டாரு. சேக்கணும்னா சீட்டு வேணும். சீட்டுக்கு ஒரு அறை. அந்த அறையிலேருந்து வேற அறை. அங்க ஒரு கையெழுத்து. வள்ளியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செவுத்துல எழுதியிருக்கிற அம்புக்குறி எல்லாம் அவளுக்குக் கோலம்.

இதுல யாரு கெட்டவன் சொல்லு? டாக்டரு நல்லவரு. சீட்டு எழுதுறவன் அவன் வேலையைப் பாக்குறான். ஒருத்தனும் அவளை அடிக்கலை, வையலை. ஆனா அவளுக்கு ஒண்ணும் வெளங்கலை. வெளங்கும்படி சொல்லவும் ஒரு ஆளு இல்லை. இதைப் படிச்சிட்டு நான் ரெண்டு நாளு சரியாச் சாப்பிடலை. என்னா காரணம்? நானும் அந்த மாதிரி ஒரு வராந்தாவுல, தப்பான வாசல்ல, ஒரு மணி நேரம் வரிசையில நின்னவன். நின்னு முடிச்சப்புறந்தான் தெரிஞ்சது, அது மருந்து வாங்குற வரிசை இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டு வரிசைன்னு. அப்ப எனக்கு வயசு அம்பத்தஞ்சு.

இந்தக் கதையை எதுக்கு மொதல்ல படிக்கச் சொல்றேன்? காரணம் இருக்கு. இதைப் படிச்சிட்டு 'என் இனிய இயந்திரா'வைப் படிச்சா உனக்கு ஒரு சங்கதி பிடிபடும்.

அது 1980கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்துச்சு. கதை நடக்குறது 2021ஐ ஒட்டி. அப்ப எங்களுக்கு அது எம்புட்டுத் தூரம் தெரியுமா? நான் இருப்பேனான்னே தெரியாத வருசம். இருந்துட்டேன், பாரு! அந்தக் காலத்துல இந்தியாவை ஜீவான்னு ஒரு தலைவரு ஆள்றாரு. நிலான்னு ஒரு பொண்ணு. அவ புருசன் சிபி. வீட்டுக்கு வந்து ஒட்டிக்கிறவன் ரவி. அவன் கூட்டாளி மனோ. கவனிச்சியா, பேரெல்லாம் ரெண்டே எழுத்து. எனக்கு ரேசன் அட்டையில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பட்டாவுல ஒரு பேரு. மூணையும் ஒண்ணாக்க நடையா நடந்தப்பத்தான் நெனைச்சேன், ஜீவா ஆட்சி ஒரு வகையில தேவலாம்னு.

அந்த நிலாவுக்குக் கதையோட தொடக்கத்துல ஒரு அனுமதி வருது. எதுக்கு அனுமதி? பிள்ளை பெத்துக்க. ஆமா, சர்க்காரு சம்மதிச்சாத்தான் தொட்டிலு. பொண்ணு குதிக்கிறா. அப்புறம் பாத்தா புருசனைக் காணோம். தேடிப் போனா, அப்படி ஒரு ஆளே இல்லைங்கிறாப்புல பேசுறானுக. இப்ப சொல்லு, இந்த நிலா யாரு? மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னாளே, அந்த வள்ளியம்மாதானே? அங்க செவுத்துல அம்புக்குறி, இங்க திரையில எழுத்து. சீட்டு வாங்குற கவுண்டரு மட்டும் ஒண்ணுதான்.

இதைத்தான் அப்பு நான் சொல்ல வந்தது. அந்த மனுசனை எல்லாரும் ராக்கெட்டுக்காரருன்னு நெனைக்கிறாக. அவரு கவுண்டர்க்காரரு. மிசினு வந்தா மனுசன் எங்க நிப்பான், எந்தச் சன்னல்ல கையை நீட்டுவான், அங்க உக்காந்திருக்கிறது என்ன பதில் சொல்லும்னு பாத்தவரு. நான் மாசாமாசம் அரிசி வாங்கப் போறேன். பொட்டியில பெருவெரலை வையின்னு சொல்லுவாக. வைப்பேன். செவப்பு லைட்டு எரியும். மண்வெட்டி புடிச்ச வெரலு, ரேகை எங்க இருக்கும்? அடுத்த வெரலை வைங்கய்யா. வைப்பேன். தொடைச்சிட்டு வைங்க. தொடைச்சிட்டு வைப்பேன். எழுவத்தெட்டு வருசமா நான் நானாத்தான் இருக்கேன். ஆனா நான்தான் நான்னு அந்தப் பொட்டி ஒத்துக்கிடணும். அப்பல்லாம் எனக்கு நிலா ஞாபகந்தான் வரும். அவ அழகா இருப்பாங்கிறது வேற விசயம்.

அந்தக் கதையில ஒரு நாயி. அதுதான் ஜீனோ. எந்திர நாயி. பேசும். படிக்கும். படிச்சுப் படிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா அதுக்குப் புத்தி வந்துரும். நம்ம ஊருல மனுசனுக்கே படிச்சு வர மாட்டேங்குது. அதைப் பத்திப் பொறவு சொல்றேன்.

இன்னொண்ணு, 'திமலா'ன்னு ஒரு சின்னக் கதை. பின்னாடி வரப்போற காலம். வேலையிலேருந்து கொஞ்ச நேரத்தைப் பிச்சு எடுத்துக்கிட்டு ஒரு புருசனும் பொண்டாட்டியும் ஒரு எடத்துக்குப் போறாக. எடத்தோட பேரும் காலத்துல தேஞ்சு போச்சு. எந்த எடம்? நீயே கண்டுபுடி. மொட்டை போட்டவனுக்குச் சட்டுனு தெரியும். விஞ்ஞானச் சிறுகதைகளைத் தனியாத் தொகுத்தே பொஸ்தகம் போட்டிருக்காக. லைப்ரரியில கேளு. ஒவ்வொண்ணா வறுகடலை மாதிரி கொறிக்கலாம்.

நாவல் வேணும்னா 'கொலையுதிர் காலம்'. அது கணேஷ், வசந்த்னு ரெண்டு வக்கீலுங்க வர்ற கதை. பேயா, மிசினான்னு கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டே போவாரு. ராத்திரி படிக்காதேன்னு சொல்லுவேன். நீ எங்க கேக்கப் போற? அந்த வசந்த் பய ஒரு சேட்டைக்காரன். மெக்ஸிகோ சலவைக்காரின்னு ஒரு ஜோக்கைச் சொல்ல ஆரம்பிப்பான், கணேஷ் வாயை அடைச்சிருவாரு. ஒரு பொஸ்தகத்துலயும் அந்த ஜோக்கு முழுசா வராது. ஊருல பாதிப் பேரு அதுக்காகவே அடுத்த கதையை வாங்குனாக. நானும் ஒருத்தன். கடைசி வரைக்கும் அந்தச் சலவைக்காரி என்ன சொன்னான்னு தெரியாமலேதான் போய்ச் சேரப் போறேன்.

'ஆ'ன்னு ஒரு நாவலு. மண்டைக்குள்ள கொரலு கேக்குறவன் கதை. ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ'ன்னுதான் முடியும். அதை நாங்க சொந்தக் கதையா எடுத்துக்கிட்டோம். நம்ம ஊரு பேருலயே 'ஆ' இருக்குல்ல!

அப்புறம் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. இது விஞ்ஞானம் இல்லை. உனக்காகச் சொல்றேன். பட்டணத்துலேருந்து ஒருத்தன் கிராமத்துக்கு வர்றான், நாட்டுப்பாட்டு சேகரிக்க. ஜமீன் பங்களாவுல தங்குறான். ஆராய்ச்சியாம்! அவன் மூஞ்சியும் இப்ப நீ பைண்டைத் தேடி வந்து நிக்கிற மூஞ்சியும் ஒண்ணுதான். அதைப் படிச்சா எங்க கண்ணுக்கு நீ எப்படித் தெரியிறன்னு உனக்கு வெளங்கும்.

'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' உனக்குப் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். அதெல்லாம் தானாப் பிடிக்கும். நம்ம ஊருலேருந்து காவேரி எம்புட்டுத் தூரம்? ஆனா அந்தத் தெரு எனக்குத் தெரியாத தெரு. அந்த மாமிக, மடிசாரு, பெருமாளு, கிரிக்கெட்டு. ஒண்ணும் நம்ம பழக்கம் இல்லை. படிச்சு முடிச்சதும் அந்தத் தெருவுல நம்ம சைக்கிளு காத்து எறங்கி நின்னாப்புல இருந்துச்சு. எந்த வீட்டுல பம்பு கேக்கலாம்னுகூடத் தெரியும் எனக்கு.

இப்ப உன் செட்டு ஆளுங்களைப் பத்திக் கொஞ்சம் பேசணும். போன வருசம் புதுக்கோட்டை புத்தகத் திருவிழாவுக்கு ஒரு பயலோட போனேன். அவன் வாங்குனது பதினெட்டு பொஸ்தகம். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் அடுக்குனான். பக்கத்துல ஒரு காப்பிக் கோப்பை. கோப்பைக்குப் பக்கத்துல ஒரு செடி. போட்டோ எடுத்தான். எடம் மாத்தி இன்னொரு போட்டோ. காப்பி ஆறிப் போச்சு. குடிக்கலை. பொஸ்தகம் இன்னிக்கும் அந்தச் சன்னல்லதான் இருக்கு. வெயிலு பட்டு அட்டை வெளுத்துப் போச்சு. பரமார்த்த குருவோட சீசனுங்க பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு காசு குடுத்து வாங்குன மாதிரிதான். குஞ்சு பொரிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "அவரு அப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டாரு, எல்லாம் அப்படியே நடந்திருச்சு"ங்கிறவனுக. அவரு என்ன விராலிமலை அடிவாரத்துல கிளிய வச்சுக்கிட்டா உக்காந்திருந்தாரு? 2021 வந்துச்சு, போச்சு. ஜீவா வரலை. எந்திர நாயி தெருவுல திரியலை. நிஜ நாயிதான் திரியுது, ராத்திரி பைக்கைத் துரத்துது. நடந்துச்சா நடக்கலையாங்கிறதா கணக்கு? பஞ்சாங்கத்துல போட்ட மழை பெய்யலைன்னா பஞ்சாங்கத்தை வையலாம். கதையை வைய முடியுமா? நிலா நின்ன நெலமையில நீ நின்னா உனக்கு என்ன தோணும்? அதை மட்டும் பாரு.

மூணாவது கூட்டம் கொஞ்சம் படிச்ச கூட்டம். "சுஜாதாவெல்லாம் இலக்கியமா?"ன்னு மூக்கைச் சுளிப்பாக. கேட்டுக்க. அப்படிச் சொல்றவுக நெறையப் பேரு பதினேழு வயசுல தலகாணிக்கு அடியில அவரை வச்சுப் படிச்சவுகதான். பெரிய எழுத்தாளருங்களுக்கு ஆள் சேத்து விட்டதே அவருதான். கணையாழியில கடைசிப் பக்கம் எழுதுனாரே, அதுல எத்தினி பேரைக் கைகாட்டி விட்டிருப்பாரு! ஏணியில ஏறி மச்சுக்குப் போனவன் ஏணியைப் பாத்து 'இதெல்லாம் ஒரு வீடா'ன்னு கேட்டா என்ன சொல்றது?

அதுக்காக எல்லாம் தங்கம்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். வாராவாரம் நாலு பத்திரிகைக்கு எழுதுனவரு. நூறு தேங்காய் ஒடைச்சா நாலு அழுகலு இருக்கத்தான் செய்யும். சிலதுல கதை ஜோரா ஓடிக்கிட்டு இருக்கும், கடைசி வாரம் வந்ததும் பஸ்ஸைப் புடிக்க ஓடுறவன் மாதிரி முடிச்சிருவாரு. பொம்பளைப் பிள்ளைக உள்ள வந்தா மொதல்ல அவரு கண்ணு எங்க போகும்னு உங்க அப்பத்தாவே கண்டுபுடிச்சுச் சொல்லுவா. அப்படி ஒண்ணு கையில மாட்டுனா மூடி வச்சிரு. குத்தம் இல்லை. எடுத்துட்டோமேன்னு முடிச்சே தீருவேன்னு நிக்காதே. இலையில வச்சதெல்லாம் திங்கணும்னு மொய் எழுதியிருக்கியா?

கதை வேணாம், விசயம் வேணும்னா 'ஏன்? எதற்கு? எப்படி?' இருக்கு. ஜூனியர் விகடன்ல ஊரு பூரா கேட்ட கேள்விக்குப் பதிலு சொன்னாரு. நானும் ஒரு கேள்வி எழுதுனேன். கொளுத்துற வெயில்ல தொங்குற எளநிக்குள்ள தண்ணி மட்டும் எப்படிக் குளுகுளுன்னு இருக்குன்னு. பதினஞ்சு பைசா கார்டு. எழுதி வச்சேன், போடலை. பெரிய மனுசனை எளநிக்காகத் தொந்தரவு பண்றதான்னு ஒரு கூச்சம். அந்தக் கார்டு இன்னும் பரண்ல தகரப் பொட்டியில கெடக்கு. 'தலைமைச் செயலகம்'னு மூளையைப் பத்தி ஒண்ணு எழுதுனாரு. அதுல ஒரு பகுதி எனக்குப் புரியலை. புரியாததைப் புரியலைன்னு சொல்றதுக்கு வெக்கம் இல்லாத வயசு வந்தப்புறம் திரும்பப் படிச்சேன். கொஞ்சம் புரிஞ்சுச்சு.

என்ன, மூஞ்சியைச் சுளிக்கிற? கதையைச் சொல்லிட்டேனா? 'ஸ்பாய்லர்'ங்கிறியா?

அட போப்பா. நம்ம ஊருல ஈஸ்டர் சமயம் பாஸ்கா போடுறாக. எத்தினி வருசமாப் போடுறாக! என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியாது? யூதாசு காட்டிக் குடுப்பான். பிலாத்து கையைக் கழுவுவான். அடிப்பாக, செலுவையில ஏத்துவாக, மூணாம் நாளு எந்திரிச்சு வருவாரு. கைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் வெளியூருலேருந்து கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்காக. யூதாசு முத்தம் குடுக்கையில ஒரு கெழவி எந்திரிச்சு 'அடேய் பாவி, வேணாண்டா'ன்னு கத்துறா. வருசாவருசம் கத்துறா. முடிவு தெரிஞ்சா ருசி போயிரும்னா அந்தக் கெழவி எதுக்குப்பா கத்துறா?

சரி சரி, பைண்டுதானே வேணும்? பரண்ல இருக்கு. அந்த ஏணியை எடு. தகரப் பொட்டி. தூசி தட்டாம எறக்கு, கரப்பான் இருக்கும்.

இதுதான். இதுக்குப் பேரு பைண்டு. நீ கடையில பாக்குறதெல்லாம் அச்சடிச்ச பொஸ்தகம். வாரம் ஆனா விகடனை வாங்கி, எல்லாரும் படிச்சப்புறம் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் பதனமாக் கிழிச்சு, ஊசியும் சணலுமாப் போட்டு நானே தைச்சது. பாரு, இந்தப் பக்கம் நிலா. பின்னாடி தலைவலித் தைல வெளம்பரம். இந்தப் படத்துல ஜீனோ உக்காந்திருக்கு. பக்கத்துல யாரோ சமையல் குறிப்பு பாதி வெட்டுப்பட்டு நிக்குது. கத்திரிக்காயை நீளவாக்குல நறுக்கணுமாம், அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு அடுத்த பக்கத்துல. அடுத்த பக்கம் இல்லை.

பசை காய்ஞ்சு பூச்சி துளை போட்டிருக்கு. மெதுவாத் திருப்பு. இந்தா, இங்க பாரு. இங்கேருந்து இங்க. கதை தாவுதுல்ல? ஒரு வாரம் காணோம்.

அந்த வாரப் பொஸ்தகத்தை ஒருத்தன் படிக்க வாங்கிட்டுப் போனான். டீக்கடை பெஞ்சுல வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். மறுநாளு நான் போய்க் கேக்குறேன். கடைக்காரன் முழிக்கிறான். பகோடா மடிச்சுட்டேன்கிறான். எத்தினி பொட்டலம்டான்னேன். பதினஞ்சு இருபது இருக்கும்னான். நான் தெருத் தெருவாப் போய்க் கேட்டேன்ப்பா. ஒரு வீட்டுல எண்ணெய் ஊறுன ஒரு துண்டு கெடைச்சுச்சு. அதுல வெங்காயமும் ஜீனோவோட ஒரு காதும் இருந்துச்சு. மிச்ச ஜீனோவை ஊரு தின்னுருச்சு.

உங்க அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. வாராவாரம் நான்தான் சத்தமாப் படிப்பேன். அவ நெல்லுப் பொடைச்சுக்கிட்டே கேப்பா. சொளகு சத்தம் நின்னா கதை சூடு புடிச்சிருச்சுன்னு அர்த்தம். அந்த வாரம் நான் வெறுங்கையோட வந்து நிக்கிறேன். விசயத்தைச் சொன்னேன். அவ ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம் சொன்னா: "நாயி வாலை ஆட்டியிருக்கும். புடிச்சு வச்சவனுகளுக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும். விட்டிருப்பானுக."

எந்திரத்துக்கு எங்கடி வாலு இருக்கு, ஆட்டுறதுக்குன்னேன். "உங்களுக்கு எல்லாம் தெரியும்"னுட்டு சொளகை எடுத்துட்டா. அடுத்த வாரம் விகடன் வந்துச்சு. ஜீனோ உசிரோட இருந்துச்சு. அவ என்னையத் திரும்பிக்கூடப் பாக்கலை. அம்புட்டுத் திமிரு.

அவ போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் இந்தக் கதையோட தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'வை நான் மட்டும் உக்காந்து திரும்பப் படிச்சேன். சத்தமாத்தான் படிச்சேன், பழக்கம் போகலை.

என்ன, பையில என்னமோ வச்சிருக்க? ஓ, முழுப் பொஸ்தகமும் புதுசா வாங்கிட்டே வந்திருக்கியா? அந்த வாரமும் இதுல இருக்குமா? இருக்கும், இருக்கும். இல்லாம எங்க போகும்? கடையில நெறையத் தடவை கையில எடுத்துப் பாத்திருக்கேன். புதுக்கோட்டை ஞானாலயா லைப்ரரிக்குப் போயி பழைய பத்திரிகை எல்லாம் பாத்திருக்கேன். அந்த வாரத்தைத் தேடலை.

வேணாம், எங்கிட்ட நீட்டாதே. நீ வச்சுக்க. இன்னிக்கு ராத்திரி இந்தக் கயித்துக் கட்டில்லயே படுத்துப் படி. மொதல்ல 'நகரம்', அப்புறம் இது. கொசுவத்தி அந்த மாடத்துல இருக்கு. ஆனா நான் காட்டுன எடம் வந்ததும் வாயை மூடிக்கிட்டுப் படி. நாயி எப்படித் தப்பிச்சுச்சுன்னு என் காதுல விழக் கூடாது.